ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'போர்ட்டல் சிரையில் காற்று' என்று வந்தால்: வீட்டார் செய்ய வேண்டியவை

மாமனாரின் வயிற்று சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட் ராத்திரி எட்டரை மணிக்கு என் கைக்கு வந்தது. நடுவில் ஒரு வரி, கல்லீரலுக்குள் இருக்கும் போர்ட்டல் சிரைக் கிளைகளில் 'கேஸ்' தெரிகிறது என்று. அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாகிவிட்டது என்றால் நம்புவீர்களா? வாயுத் தொல்லைதானே என்று கவரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அவரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன், காலையில் டாக்டரிடம் காட்டிக்கொள்ளலாம் என்று. ஸ்கேன் எடுத்த இடத்திலும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒன்றரை மணி நேரம் அப்படிப் போனது. அப்புறம் சும்மா போனில் தேடியபோது, இப்படி வந்தவர்களில் 100 பேருக்கு 75 பேர் இறந்துவிடுகிறார்கள் என்று ஒரு பக்கத்தில் இருந்தது. கை நடுங்கிவிட்டது.

முதலில் நான் நினைத்ததும் தப்பு, பிறகு பயந்ததும் பாதி தப்பு. நான் டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, ஒவ்வொரு டாக்டரையும் நச்சரித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். உங்கள் கையில் இப்போது அப்படி ஒரு ரிப்போர்ட் இருந்தால், 2-ஆம் எண்ணுக்குப் போங்கள், மற்றதை வண்டியில் போகும்போது படிக்கலாம்.

1. இது வயிற்று வாயு இல்லை

குடலுக்குள் காற்று இருப்பது இயல்பு. இங்கே சொல்வது ரத்தக் குழாய்க்குள் இருக்கும் காற்று. இரைப்பை, குடல், மண்ணீரல், கணையம் எல்லாவற்றிலிருந்தும் ரத்தத்தைச் சேர்த்துக் கல்லீரலுக்குக் கொண்டுபோகிற பெரிய குழாய்தான் போர்ட்டல் சிரை. அதில் காற்று இருக்கவே கூடாது. இருந்தால், பெரும்பாலும் குடலிலிருந்துதான் உள்ளே புகுந்திருக்கும்: குடலின் உள்தோல் சிதைந்திருக்கலாம், குடல் அடைத்தோ உப்பியோ உள்ளே அழுத்தம் ஏறியிருக்கலாம், அல்லது வயிற்றில் எங்காவது சீழ்பிடித்து வாயு உண்டாக்கும் கிருமிகள் பெருகியிருக்கலாம். சில சமயம் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும்.

ஆக, காற்று என்பது தடயம், நோய் வேறு. இதைப் புரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீரும். காற்றை வெளியே எடுக்க என்று தனியாக மருந்தோ ஊசியோ கிடையாது. காரணத்தைச் சரி செய்தால் அது தானாகவே கரைந்துவிடும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, வாயு மாத்திரை எதற்கும் இங்கே வேலை இல்லை.

2. காலை வரை காத்திருக்காதீர்கள்

குடலுக்கு ரத்தம் போவது முழுசாக நின்றுவிட்டால், சுமார் 6 மணி நேரத்தில் அந்தப் பகுதி மீட்க முடியாத அளவுக்குக் கெட்டுவிடும் என்பது டாக்டர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ரிப்போர்ட்டில் காற்று வந்திருக்கிறது என்றால் அந்தக் கடிகாரம் எப்போது ஓட ஆரம்பித்தது என்று நமக்குத் தெரியாது. அதனால் நோயாளி 'இப்போ பரவாயில்லை' என்று சொன்னாலும் அன்றைக்கு ராத்திரியே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கீழே இருப்பதில் ஒன்று இருந்தாலும் ஆம்புலன்ஸ்தான், சொந்த வண்டி வேண்டாம்: தாங்க முடியாத வலி, வயிறு பலகை மாதிரி இறுகுவது, மலத்தில் ரத்தம், ஓயாத வாந்தி, காய்ச்சலோடு நடுக்கம், கை கால் சில்லிடுவது, பேச்சு குழறுவது அல்லது குழப்பம். இதில் ஏமாற்றக்கூடியது வலிதான். குடலில் ரத்த ஓட்டம் நின்ற ஆரம்பத்தில் நோயாளி வலியில் துடிப்பார், ஆனால் வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் மெத்தென்று இருக்கும். மாமனார் அப்படித்தான் இருந்தார். 'வயிறு சாஃப்டாத்தானே இருக்கு, ஏன் இப்படிக் கத்துறார்' என்று நாங்களே பேசிக்கொண்டோம். சில நேரம் கொஞ்சம் கழித்து வலி குறையவும் செய்யும். அது குணமாவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கிளம்பும்போது வாய்வழியாக எதுவும் கொடுக்க வேண்டாம், தண்ணீர்கூட. ஆபரேஷன் தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுப்பதற்கு வயிறு காலியாக இருப்பது நல்லது. பேதி மருந்து, எனிமா பக்கம் போகவே கூடாது.

எந்த ஆஸ்பத்திரி? பக்கத்தில் இருப்பது என்பதை விட, ராத்திரியிலும் அறுவை சிகிச்சை நிபுணர் இருக்கிற, தீவிர சிகிச்சைப் பிரிவும் சி.டி. வசதியும் உள்ள இடம். முன்கூட்டியே போன் செய்து, 'வயிற்று சி.டி.யில் போர்ட்டல் சிரையில் காற்று இருக்கிறது, சர்ஜன் இருக்கிறாரா?' என்று இந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லிக் கேளுங்கள். வெறுமனே வயிற்று வலி என்று சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். ஆனால் நோயாளி மிகவும் மோசமாக இருந்தால் தேடிக்கொண்டு நிற்காமல் அருகில் உள்ள அவசரப் பிரிவுக்கே போய்விட வேண்டும், அங்கிருந்து மாற்றுவதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

3. பையில் என்ன இருக்க வேண்டும்

ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. ஸ்கேன் படங்கள் முழுசாக இருக்கிற, கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கும் குறுந்தட்டையோ, அவற்றைத் திறக்கும் இணைப்பையோ கேட்டு வாங்குங்கள். சர்ஜன் யாரும் இன்னொருவர் எழுதிய நாலு வரியை நம்பிக் கத்தி எடுக்க மாட்டார், படத்தை அவரே பார்ப்பார். எங்களிடம் இருந்தது பெரிய பிலிமில் அச்சடித்த குட்டிக் குட்டிப் படங்கள். அதை வைத்து முடிவு செய்ய முடியாமல், மைத்துனர் திரும்பப் போய்ப் பூட்டியிருந்த ஸ்கேன் சென்டரைத் திறக்கச் சொல்லித் தட்டு வாங்கி வர நாற்பது நிமிஷம் ஆனது.

மருந்துப் பட்டியல் இதைவிட முக்கியம். பெயர், அளவு, அதோடு கடைசியாகச் சாப்பிட்டது எப்போது என்பதும் வேண்டும். மாமனாருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கில்லாத பிரச்சினை, அதற்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர். அவசரப் பிரிவில் முதல் கேள்வியே 'கடைசி டோஸ் எப்போது?' எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவரிடமே கேட்டால், பல் பிடுங்குவதற்காக நிறுத்தினாராம், திரும்ப ஆரம்பிக்கவே இல்லையாம், மூன்று வாரம். யாரையும் கேட்காமல். அந்த ஒரு பதிலில்தான் டாக்டரின் முகம் மாறியது: இதயத்தில் உருவான ரத்தக் கட்டி குடலுக்குப் போகும் தமனியில் போய் அடைத்திருக்கலாம் என்ற பக்கம் அவர் யோசனை திரும்பியது அப்போதுதான்.

இவற்றையும் மறக்காமல் சொல்லுங்கள்:

- ஸ்டீராய்டு, புற்றுநோய் மருந்து, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுக்கிறாரா. இவை உள்ளவர்களுக்குக் குடல் கெட்டாலும் வலி குறைவாகத் தெரியலாம்.
- சமீபத்தில் பெருங்குடல் எண்டோஸ்கோப்பி, இ.ஆர்.சி.பி. (வாய்வழியாகக் குழாய் விட்டுப் பித்தநாளத்தில் செய்யும் சிகிச்சை), பித்தநாள ஸ்டென்ட், இரைப்பைக்கு உணவுக் குழாய் என்று ஏதாவது நடந்ததா, எந்தத் தேதியில்.
- டயாலிசிஸ், சர்க்கரை நோய், பழைய வயிற்று ஆபரேஷன்கள்.
- மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறாரா, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையில் கடைசி கிரியேட்டினின் அளவு என்ன, ஸ்கேனுக்குப் போடும் மருந்துக்கு முன்பு ஒவ்வாமை வந்ததா.
- ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற எதையாவது தவறிக் குடித்தாரா. சிரிக்காதீர்கள், இதுவும் போர்ட்டல் சிரையில் காற்றைக் கொண்டுவரும் காரணங்களில் ஒன்று.

அடையாள அட்டை, காப்பீட்டு அட்டை இருக்கட்டும். கையெழுத்துப் போடும் உரிமை உள்ள ஒருவர் கூடவே இருக்கட்டும். ஆபரேஷனுக்குச் சம்மதம் வாங்க ஆள் தேடுவதில் நேரம் போவதைப் போல எரிச்சல் வேறில்லை.

4. சிரையா, பித்தநாளமா என்று உறுதி செய்யச் சொல்லுங்கள்

கல்லீரலுக்குள் காற்று தெரிய இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று போர்ட்டல் சிரை, மற்றொன்று பித்தநாளம். பித்தநாளத்தில் காற்று இருப்பதை நியூமோபிலியா என்பார்கள். இ.ஆர்.சி.பி. செய்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், பித்தநாளத்தைக் குடலோடு இணைத்து ஆபரேஷன் ஆனவர்கள் ஆகியோருக்கு இது இருப்பது வழக்கம், பெரும்பாலும் ஆபத்தில்லை. இரண்டையும் மாற்றிப் படித்தால் விளைவு நேர் எதிராகப் போய்விடும்.

பிரித்துப் பார்க்கும் வழி எளிமையானது, எனக்கே புரிந்தது. போர்ட்டல் ரத்தம் கல்லீரலின் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஓடுகிறது, அதனால் காற்றும் ஓரம் வரை அடித்துச் செல்லப்பட்டு, கல்லீரல் உறையிலிருந்து 2 செ.மீ. தூரத்துக்குள் வரைக்கும் மரக்கிளை மாதிரி பரவித் தெரியும். பித்தம் ஓரத்திலிருந்து நடுவுக்கு வருகிறது, ஆகவே அதிலுள்ள காற்று நடுப்பகுதியில் தங்கும். மல்லாந்து படுத்திருக்கும்போது கல்லீரலின் இடது பக்கம் மேலே இருப்பதால், காற்று அங்கே அதிகம் தெரிவது சகஜம். சந்தேகம் என்றால் அல்ட்ராசவுண்டில் பார்க்கலாம், ரத்தத்தோடு ஓடும் குமிழிகள் பளிச்சென்று புள்ளி புள்ளியாக நகர்வது தெரியும். சாதாரண எக்ஸ்ரேயில் காற்று நிறைய இருந்தால்தான் தெரியும், 'எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை' என்பதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம்.

5. டாக்டரிடம் கேட்க வேண்டியவை

'உயிருக்கு ஆபத்தா?' என்று மட்டும் கேட்டால் 'சொல்ல முடியாது' என்றுதான் பதில் வரும். நான் இரண்டு முறை அப்படிக் கேட்டு இரண்டு முறை அதையே வாங்கிக்கொண்டேன். கேள்வியை மாற்றியபோதுதான் பதிலும் மாறியது.

குடல் சுவரிலும் காற்று இருக்கிறதா? இருந்து, சிரையிலும் இருந்தால் குடல் அழுகியிருக்கும் சந்தேகம் கூடுகிறது. இருந்தாலும் அதுவே இறுதித் தீர்ப்பு இல்லை, குடல் நன்றாக இருப்பவர்களிடமும் இரண்டும் சேர்ந்து வருவதுண்டு.

குடல் சுவர் மருந்தை உறிஞ்சி ஒளிர்கிறதா? இதற்கு நரம்பு வழியே மருந்து ஏற்றி எடுத்த சி.டி. தேவை. எங்களிடம் இருந்தது மருந்து ஏற்றாமல் எடுத்தது, அதில் காற்று தெரியும், ரத்த ஓட்டம் தெரியாது. 'ஒரு சி.டி. எடுத்தாச்சே, மறுபடியும் எதற்கு, காசு பிடுங்கவா?' என்று என் மைத்துனர் சண்டைக்கே போய்விட்டார். இல்லை, அது வேறு ஸ்கேன். தமனி, சிரை இரண்டு கட்டத்திலும் எடுக்கும் ஆஞ்சியோகிராம் வகை சி.டி.தான் அடைப்பு எங்கே என்று காட்டும். கிரியேட்டினின் கொஞ்சம் கூடுதல் என்றாலும், குடலில் ரத்த ஓட்டம் நின்றிருக்கும் சந்தேகம் பலமாக இருந்தால் இந்த ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது என்பதுதான் அவசர அறுவை சிகிச்சை வழிகாட்டுதல்களின் நிலை. சிறுநீரகத்துக்குப் பயந்து குடலை இழக்கக் கூடாது என்று சர்ஜன் எங்களிடம் சொன்னார்.

லாக்டேட் எவ்வளவு, ஏறுகிறதா? இது ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் ஒரு பொருள், உடம்பில் ரத்த ஓட்டம் குறையும்போது ஏறும். ஆனால் ஆரம்பத்தில் லாக்டேட் இயல்பாகவே இருக்கலாம், அதை வைத்து மட்டும் குடல் நன்றாக இருக்கிறது என்று முடிவுக்கு வர முடியாது. ஒரு தடவை பார்த்ததோடு விடாமல், சில மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்களா என்று கேளுங்கள்.

வயிற்று அறையில் தனியாகக் காற்று அல்லது நீர் இருக்கிறதா? குடல் அடைப்பு இருக்கிறதா? சீழ்க்கட்டி இருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

இப்போது அந்த 75 சதவீதத்துக்கு வருகிறேன். அந்த எண் பொய்யில்லை, பழசு. 1978-இல் வெளிவந்த, 64 பேரைக் கொண்ட ஒரு தொகுப்பில் வந்தது. அன்றைக்கு எக்ஸ்ரேயில் தெரியும் அளவுக்குக் காற்று நிறைந்தவர்களைத்தான் பெரும்பாலும் கண்டுபிடித்தார்கள், அவர்களில் பெரும்பாலோருக்குக் குடல் அழுகியிருந்தது. 2001-இல் 182 பேரை வைத்துப் பார்த்த இன்னொரு தொகுப்பில் அதே எண் 39 சதவீதம். சி.டி. வந்த பிறகு லேசான காரணங்களால் வரும் கொஞ்சூண்டு காற்றும் கண்ணில் படுகிறது, அதனால் சராசரி இறங்கியது. உங்கள் வீட்டு நோயாளிக்கு இந்த இரண்டு எண்ணில் எதுவும் பொருந்தாது. எண்டோஸ்கோப்பிக்குப் பிறகு வலியே இல்லாமல் உட்கார்ந்திருப்பவருக்கும், ரத்த அழுத்தம் இறங்கி வயிறு இறுகிக் கிடப்பவருக்கும் ரிப்போர்ட்டில் ஒரே வரிதான் வரும்.

6. மூன்று வழிகளில் ஒன்று

குடல் அழுகியிருக்கிறது, அல்லது ஓட்டை விழுந்திருக்கிறது என்றால் உடனே ஆபரேஷன். அடைத்த தமனியைத் திறக்க முடிந்தால் திறந்து, செத்த குடலை வெட்டி எடுப்பார்கள். அந்தச் சம்மதப் படிவத்தில் இரண்டு விஷயங்களைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள், பிறகு அதிர்ச்சி அடையாமல் இருக்கலாம். ஒன்று, வயிற்றில் ஸ்டோமா வைக்க வேண்டி வரலாம், அதாவது குடலின் முனையை வயிற்றுத் தோலில் கொண்டுவந்து பை மாட்டுவது. இன்னொன்று, 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மறுபடியும் வயிற்றைத் திறந்து பார்ப்பது. இரண்டாவது முறை கூப்பிட்டபோது முதல் ஆபரேஷனில் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று வீட்டில் எல்லாரும் அழுதுவிட்டோம். மீதி விட்ட குடல் பிழைத்திருக்கிறதா என்று பார்க்க முன்பே போட்டுவைத்த திட்டம் அது, எங்களுக்குச் சொன்னார்கள், நாங்கள்தான் காதில் வாங்கவில்லை.

இரண்டாவது வழி, நெருக்கமாகக் கவனிப்பது. குடல் உப்பல், அடைப்பு, குடல் அழற்சி, சீழ் போன்ற காரணம் இருந்து நோயாளி ஓரளவு திடமாக இருந்தால் மூக்கு வழியே குழாய் விட்டு இரைப்பையைக் காலி செய்வது, நரம்பில் திரவம், ஆன்டிபயாடிக், சீழிருந்தால் அதை வடிப்பது. இங்கே நீங்கள் கேட்க வேண்டியது, 'எந்த அறிகுறி வந்தால் ஆபரேஷனுக்கு மாறுவீர்கள், அடுத்து யார், எத்தனை மணிக்கு வந்து பார்ப்பார்?' என்று. பதிலை ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள், டியூட்டி மாறும்போது கைகொடுக்கும்.

மூன்றாவது, அறிகுறியே இல்லாதவர்களை வெறுமனே கவனிப்பது. எண்டோஸ்கோப்பி போன்றவற்றுக்குப் பிறகு வந்த காற்று பெரும்பாலும் இந்த வகை.

பச்சிளம் குழந்தை என்றால் இது வேறு கதை. குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் குடல் அழற்சி நோயில் இந்தக் காற்று ஒரு முக்கிய அடையாளம், பால் நிறுத்தி ஆன்டிபயாடிக் கொடுத்துக் கவனிப்பார்கள், தேவைப்பட்டால் ஆபரேஷன். தொப்புள் சிரையில் குழாய் போட்ட குழந்தைக்கு அந்தக் குழாய் வழியாகவே காற்று புகுந்திருக்கவும் கூடும், அது அவ்வளவு கவலைப்படும் விஷயம் இல்லை. எந்த வகை என்று குழந்தை மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்.

7. செலவு எங்கே ஏறும்

ஆபரேஷன் கட்டணத்தைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். உண்மையில் பில்லைத் தூக்குவது தீவிர சிகிச்சைப் பிரிவின் நாள் வாடகை, வென்டிலேட்டர், விலை உயர்ந்த ஆன்டிபயாடிக், ரத்தம், அப்புறம் நரம்பு வழியே கொடுக்கும் முழு உணவு. குடல் வேலை செய்ய ஆரம்பிக்கும் வரை இந்தக் கடைசிச் செலவு தினமும் ஓடும். சேர்க்கும்போதே உத்தேச மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள், அதில் இரண்டாவது ஆபரேஷனும் அடக்கமா என்று கேளுங்கள். ஸ்டோமா பையும் அதைச் சுற்றிப் பூசும் பசையும் வீட்டுக்கு வந்த பிறகும் தொடரும் செலவு.

காப்பீடு இருந்தால், அவசர சேர்க்கை என்று அன்றைக்கே தகவல் கொடுத்துவிடுங்கள், ஒப்புதல் வரும் வரை சிகிச்சையை நிறுத்திவைக்க விடாதீர்கள். முதல் ஸ்கேன் வெளியே எடுத்தது என்றால் அதன் ரசீது, டாக்டர் எழுதிய சீட்டு இரண்டையும் வைத்திருங்கள். எங்களுக்கு ரசீது இருந்தது, சீட்டு இல்லை, அந்தத் தொகை வரவே இல்லை.

8. எத்தனை நாள்

காற்று மறைவதுதான் இதில் சீக்கிரம் நடப்பது, பலருக்கு ஓரிரு நாளிலேயே போய்விடும். காற்று போய்விட்டது என்பதற்காகக் குடல் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை, இதை எங்களிடம் இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகச் சொன்னார்கள். குடல் திரும்ப வேலை செய்ய, வாய்வழி உணவு ஆரம்பிக்க, காயம் ஆற எவ்வளவு நாள் என்பது காரணத்தைப் பொறுத்தது. கவனித்து மட்டும் அனுப்பினால் சில நாட்கள். குடலை வெட்டியிருந்தால் வாரக்கணக்கு. ஸ்டோமாவை மூடுவது பல வாரமோ சில மாதமோ கழித்துத்தான். வேலைக்கு விடுப்பு எழுதும்போது ஒரு வாரம் என்று எழுதாதீர்கள், நான் மூன்று தடவை நீட்டித்தேன்.

9. வீட்டுக்கு அனுப்பும்போது

டிஸ்சார்ஜ் சம்மரியில் 'போர்ட்டல் சிரையில் காற்று' என்று மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். காரணம் என்ன, எவ்வளவு குடல் எடுக்கப்பட்டது, எவ்வளவு மீதி இருக்கிறது, எடுத்த குடலின் பயாப்ஸி முடிவு எப்போது வரும், ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து எது, எவ்வளவு காலம் என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். எல்லா ஸ்கேன் படங்களின் நகலையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள், பிறகு அலைய முடியாது.

சிறுகுடலில் ஸ்டோமா உள்ளவருக்குத் தண்ணீரும் உப்பும் நிறைய வெளியேறும். பை அடிக்கடி நிரம்பி, சிறுநீர் குறைந்து, நாக்கு வறண்டு, தலை சுற்றினால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடிக்க வைப்பது நிலைமையை மோசமாக்கும், உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலை எவ்வளவு கொடுப்பது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மாமனார் இப்போது நடக்கிறார், சாப்பிடுகிறார், கோபமும் பழையபடி வருகிறது. மாத்திரை டப்பாவில் தேதி போட்டு ஒவ்வொரு நாளும் காலை ஒன்பது மணிக்குப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் அனுப்ப வேண்டும் என்று என் மனைவி சட்டம் போட்டிருக்கிறாள். பல் டாக்டரிடம் போவதென்றால் இதய டாக்டரைக் கேட்காமல் போகக் கூடாது என்பது அடுத்த சட்டம்.